கொல்லோடியின் 'பினோக்கியோவின் சாகசங்கள்': கதைப்பின்னல், பாத்திரங்கள், கருப்பொருள் – 15ஆம் இயலின் இறப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொல்லோடியின் 'பினோக்கியோவின் சாகசங்கள்' (1883), பொய் சொன்னால் மூக்கு வளரும் என்று குழந்தைகளை எச்சரிக்கும் அறக்கதையாகவே பரவலாக அறியப்படுகிறது. இதழில் தொடராக வெளிவந்தபோது இக்கதை 15ஆம் இயலில் தலைமைப் பாத்திரத்தின் இறப்போடு நிறைவுற்றது. சில மாத இடைவெளிக்குப் பின்னரே அது மீண்டும் தொடங்கப்பெற்று 36 இயல்களாக விரிந்தது. இந்த முறிவைப் புதினத்தின் கட்டமைப்பை விளக்கும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, கதைப்பின்னல், பேசும் சுவர்க்கோழி, நீலக்கூந்தல் தேவதை ஆகிய பாத்திரங்கள், பசி, உழைப்பு ஆகிய கருப்பொருள்கள் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. புதினம் தானே சொல்லும் அறங்களை அதன் நிகழ்ச்சிகள் பல இடங்களில் மறுக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், மிகைபுனைவு, கொல்லோடி, பினோக்கியோ, கதைப்பின்னல், பசி, இறப்பு

முன்னுரை

சிறார் புதினம் ஒன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோர் கதைச்சுருக்கம் தந்து, பாத்திரங்களை நல்லோர் தீயோர் எனப் பிரித்து, இறுதியில் 'நூல் உணர்த்தும் அறங்கள்' என ஒரு பட்டியலிட்டு முடிக்கும் போக்கு நம்மிடையே உண்டு. பெரியவர்களுக்கான புதினத்தை எவரும் இவ்வாறு வாசிப்பதில்லை. குழந்தைக்கு எழுதப்பட்டது என்பதாலேயே ஒரு நூலின் முரண்களையும் இருளையும் கண்டுகொள்ளாமல் விடலாம் என்னும் எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அவ்வாறு பட்டியலிடுவதற்கு மிகவும் ஏற்றதாகத் தோன்றி, நெருங்கிப் பார்க்கையில் அப்பட்டியலுக்கு அடங்க மறுக்கும் நூல் 'பினோக்கியோவின் சாகசங்கள்'.

கொல்லோடியின் இயற்பெயர் கார்லோ லொரென்சீனி (1826–1890). ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்த அவர், தம் தாயின் ஊரான கொல்லோடியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். இத்தாலிய விடுதலைக்கான 1848, 1859ஆம் ஆண்டுப் போர்களில் தன்னார்வப் படைவீரராகப் பங்கேற்றார். நெடுங்காலம் இதழாளராக இருந்து, ஐம்பது வயதை ஒட்டியே சிறாருக்காக எழுதத் தொடங்கினார். பெரோ முதலிய பிரெஞ்சு ஆசிரியர்களின் தேவதைக் கதைகளை மொழிபெயர்த்ததும், 'ஜன்னெத்தீனோ' போன்ற பள்ளி வாசிப்பு நூல்களை எழுதியதும் இக்காலத்தில்தான். எனவே தேவதைக் கதை, பாடநூல் என்னும் இரு வகைகளிலும் கைதேர்ந்த பின்னரே அவர் பினோக்கியோவிடம் வந்தார்.

1861இல் ஒரே நாடாக இணைந்தபோது இத்தாலிய மக்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் எழுத்தறியாதவர்கள். 1877ஆம் ஆண்டின் கொப்பீனோ சட்டம் ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பள்ளிக்குப் போ என்று பினோக்கியோவிடம் எல்லாரும் சொல்வதை இந்தப் பின்புலத்தில் நோக்கவேண்டும். அன்றைய இத்தாலிய ஏழைக் குடும்பத்துக்கு அது புதிதாக வந்த அரசின் கட்டளை.

முறிந்து தொடர்ந்த கதைப்பின்னல்

உரோமையிலிருந்து வெளிவந்த சிறுவர் வார இதழ் ஒன்றில், 'ஒரு மரப்பாவையின் கதை' என்னும் தலைப்பில், 1881 ஜூலையில் இக்கதை தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் 15ஆம் இயலுடன் முடிவுற்றது. கொலைகாரர்கள் பினோக்கியோவின் கழுத்தில் சுருக்கிட்டுப் பெரிய ஓக் மரத்தில் தொங்கவிடுகின்றனர். காற்று அவனை ஆலய மணியின் நாவைப்போல் அங்குமிங்கும் ஆட்டுகிறது. அவன் தந்தையை நினைக்கிறான், கண்கள் மூடுகின்றன, உடல் விறைக்கிறது. அவ்வளவுதான் கதை. இளம் வாசகர்களும் இதழாசிரியர் தரப்பும் வேண்டிக்கொண்டதன் விளைவாக 1882 பிப்ரவரியில், இப்போதுள்ள தலைப்புடன், தொடர் மீண்டும் தொடங்கி 1883 ஜனவரியில் நிறைவடைந்தது. அவ்வாண்டே என்ரீகோ மட்ஸாந்தியின் ஓவியங்களுடன் ஃபிளாரன்ஸில் நூலாக வெளிவந்தது.

இச்செய்தியை ஒரு பதிப்பு வரலாற்றுத் துணுக்காகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துசெல்வோர் பலர். ஆனால், முதல் 15 இயல்களை மட்டும் தனியே பிரித்து, ஆசிரியர் முடித்துவிட்ட ஒரு படைப்பாக வாசித்தால் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, பொய் சொன்னால் மூக்கு வளரும் என்னும் செய்தி அதில் எங்கும் இல்லை. அது 17ஆம் இயலில்தான் முதன்முதலில் வருகிறது. இரண்டாவது, நல்லவனாக நடந்தால் உண்மையான சிறுவனாகலாம் என்னும் வாக்குறுதியும் அதில் இல்லை. மனிதனாகும் விருப்பத்தைப் பினோக்கியோ வெளியிடுவதும் தேவதை அதற்கு வழி சொல்வதும் 25ஆம் இயலில். உலகம் முழுதும் இக்கதையின் உயிர்நிலை என்று கருதப்படும் இரண்டு கூறுகளும் கொல்லோடி முதலில் எழுதி முடித்த கதையில் இல்லாதவை. 1940ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் திரைப்படம், பாவை மனிதனாக வேண்டும் என்னும் விருப்பத்தைத் தொடக்கக் காட்சிகளிலேயே வைத்துவிடுகிறது. முறிவு மறைந்து கதை ஒரே நேர்கோடாகிறது. இன்று நாம் அறிந்துள்ள பினோக்கியோ பெரும்பாலும் இந்த நேர்கோட்டுப் பினோக்கியோவே.

அவ்விரண்டும் இல்லாத முதற்பகுதி எதைப் பற்றியது? அது ஒரு சிறிய, இறுக்கமான துன்பியல். அரசன் ஒருவனை எதிர்பார்க்கும் சிறு வாசகர்களிடம், இல்லை, இது ஒரு விறகுக்கட்டையின் கதை என்று நகைத்தபடி தொடங்குகிறது. ஆனால் ஒவ்வோர் இயலும் பாவையிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பறிக்கிறது. தந்தை சிறை செல்கிறார். உணவென்று உடைத்த முட்டையிலிருந்து குஞ்சு பறந்துபோகிறது. இரவில் பிச்சை கேட்டவன் தலையில் தண்ணீர் கொட்டப்படுகிறது. கணப்புச் சட்டியின் மேல் வைத்து உறங்கிய கால்கள் கரிந்துவிடுகின்றன. எழுத்துப் புத்தகம் கைமாறுகிறது, பொற்காசுகளைத் தேடிக் கயவர் பின்தொடர்கின்றனர், இறுதியில் கயிறு. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே இங்கு எந்தப் பொருத்தமும் காட்டப்படவில்லை. வீட்டைவிட்டு ஓடிய சிறுவனுக்குத் தூக்குக்கயிறு என்பது அறமன்று, அச்சம்.

மூக்கும் பசியும்

மூக்கைப் பற்றி இன்னும் சற்று விரிவாக நோக்கவேண்டும். 3ஆம் இயலில் ஜெப்பெத்தோ மூக்கைச் செதுக்கியவுடனே அது வளர்கிறது. அவர் வெட்ட வெட்ட நீள்கிறது. வாய் செதுக்கப்படும் முன்பே இது நிகழ்வதால் அங்குப் பொய்க்கு இடமே இல்லை. 5ஆம் இயலில் பசியால் துடிக்கும் பினோக்கியோ, அடுப்பில் கொதிக்கும் பானையை நோக்கி ஓடுகிறான். பானை சுவரில் வரையப்பட்ட ஓவியம். அப்போது அவன் மூக்கு நான்கு விரற்கடையேனும் நீண்டுவிடுகிறது. மாறாக, கரிந்துபோன தன் கால்களைப் பூனை தின்றுவிட்டதாக 7ஆம் இயலில் அவன் சொல்லும்போது மூக்கு அசைவதே இல்லை. 17ஆம் இயலில் பொற்காசுகளைப் பற்றித் தேவதையிடம் அடுத்தடுத்து மூன்று பொய்கள் சொன்ன பிறகுதான் மூக்கும் பொய்யும் பிணைக்கப்படுகின்றன. 29ஆம் இயலில் இப்பிணைப்பு மீண்டும் ஒருமுறை வருகிறது. 36 இயல்கள் கொண்ட நூலில் இத்துணைச் சிறிய இடமே பெற்ற ஒரு கூறு, நூலின் முகமாகவே மாறிவிட்டது வியப்புக்குரியது. கற்பிப்போருக்கு அது வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை.

வரையப்பட்ட பானையின் முன் நீளும் மூக்கு, நூலின் மெய்யான அச்சைக் காட்டித் தருகிறது. அது பசி. ஜெப்பெத்தோவின் பட்டப்பெயரே சோளக்கூழைக் குறிப்பது. அவருடைய பொய்முடி கூழின் நிறத்தில் இருப்பதால் ஊரார் அவ்வாறு அழைக்கின்றனர். அவர் வீட்டில் அடுப்பு, நெருப்பு, பானை மூன்றும் ஓவியங்கள். தம் காலையுணவாக வைத்திருந்த மூன்று பேரிக்காய்களை அவர் மகனுக்குத் தர, தோலையும் நடுத்தண்டையும் உண்ணமாட்டேன் என்று முதலில் மறுப்பவன், பின்பு அவற்றையும் தின்று முடிக்கிறான். மூன்று பழங்களில் ஒரு வீட்டின் பொருளியல் முழுவதும் அடங்கிவிடும் இப்பகுதி, புதினத்தின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று.

உண்ண விழைபவன் உண்ணப்படும் பொருளாகவும் ஆகிக்கொண்டே இருக்கிறான் என்பதும் கருதத்தக்கது. பாவைக்கூத்து நடத்தும் தீவிழுங்கி, ஆட்டிறைச்சி வேகவைக்க அவனை விறகாக்க நினைக்கிறான். பச்சை மீனவன் அவனை மாவில் புரட்டிப் பொரிக்க முனைகிறான். பசியால் இரண்டு கொத்துத் திராட்சை பறிக்கப் போனவன் பொறியில் சிக்கிக் காவல்நாயின் கழுத்துப்பட்டையை அணிகிறான். கழுதையுருவில் கடலில் அமிழ்த்தப்படும்போது மீன்கள் கழுதைத் தசையைத் தின்று தீர்க்க, உள்ளிருந்து மீண்டும் மரப்பாவை வெளிப்படுகிறது. இறுதியில் வால் நீங்கலாகவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பெருஞ்சுறா அவனை விழுங்குகிறது. தொடர்பற்ற சாகசங்களின் கோவை போலத் தோன்றும் கதைப்பின்னலை ஒன்றாகக் கட்டுவது இந்த உண்ணல்–உண்ணப்படல் என்னும் இழையே எனலாம்.

பேசும் சுவர்க்கோழியின் அறிவுரை

4ஆம் இயலில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீட்டில் வாழும் பேசும் சுவர்க்கோழி பினோக்கியோவுக்கு அறிவுரை கூறுகிறது. பினோக்கியோ சுத்தியலை எறிய, அது சுவரோடு ஒட்டிச் சாகிறது. திரைப்படத்தில் மனச்சான்றாகவும் வழித்துணையாகவும் கூடவரும் பூச்சி, நூலில் பேசத் தொடங்கிய சில வரிகளிலேயே கொல்லப்படுகிறது. பின்னர் 13ஆம் இயலில் நிழலாகவும், 16ஆம் இயலில் மருத்துவருள் ஒருவராகவும், 36ஆம் இயலில் ஒரு குடிசையின் உரிமையாளராகவும் அது மீண்டு வருகிறது. எவ்வாறு உயிர்பெற்றது என்று ஆசிரியர் விளக்குவதில்லை.

சுவர்க்கோழியின் அறிவுரையில் ஒரு கூற்று முக்கியமானது. உண்டு, குடித்து, உறங்கி, ஊர்சுற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மருத்துவமனையிலோ சிறையிலோதான் முடிவார்கள் என்பது அதன் கருத்து. இந்நூலில் சிறைக்கும் மருத்துவமனைக்கும் உண்மையில் செல்வோர் யார்? முதலில் சிறை செல்பவர் ஜெப்பெத்தோ. ஓடிப்போன மகனைப் பிடித்து நிறுத்தியதே அவர் செய்த குற்றம். அடுத்துச் சிறை செல்பவன் நான்கு பொற்காசுகளைப் பறிகொடுத்துவிட்டு நீதி கேட்டு நின்ற பினோக்கியோ. மனிதக்குரங்கு நீதிபதி அவன் முறையீட்டை அன்போடு கேட்டு, கண்கலங்கி, அவனையே சிறையில் அடைக்க ஆணையிடுகிறார். நான்கு மாதங்களுக்குப் பின் கயவர்களுக்கு மட்டும் பொதுமன்னிப்பு வழங்கப்படும்போது, நானும் கயவனே என்று சொல்லித்தான் அவன் வெளிவர முடிகிறது. மருத்துவமனையில் வறுமையுற்றுக் கிடப்பதாகச் சொல்லப்படுபவள் எந்தத் தவறும் செய்யாத தேவதை. சுவர்க்கோழி சொன்ன இரண்டு இடங்களையும் நல்லவர்களே நிரப்புகின்றனர்.

நரியும் பூனையும் இறுதியில் பிச்சையெடுக்கும் நிலைக்குத் தாழ்வதையும், நடித்த குருட்டுத்தன்மை பூனைக்கு உண்மையாகிவிடுவதையும் இதற்கு எதிராகக் காட்டலாம். அங்கு அறத்தின் கணக்கு நேராகிறது என்பது உண்மையே. எனினும் அது கடைசி இயலில் ஒரு சிறு நிகழ்ச்சியாக வந்துபோகிறது. நீதிமன்றக் காட்சியின் கூர்மை அதற்கு இல்லை.

நீலக்கூந்தல் தேவதை

இப்பாத்திரமே முறிவின் தழும்பை வெளிப்படையாகத் தாங்கியிருக்கிறது. 15ஆம் இயலில் கொலைகாரர்களிடமிருந்து தப்பி ஓடும் பினோக்கியோ ஒரு வெள்ளை வீட்டின் கதவைத் தட்டுகிறான். சாளரத்தில் நீலக்கூந்தலும் மெழுகுபோல் வெளிறிய முகமும் கொண்ட சிறுமி தோன்றுகிறாள். கண்கள் மூடியிருக்கின்றன, கைகள் மார்பின்மேல் குறுக்காகக் கிடக்கின்றன. வீட்டில் அனைவரும் இறந்துவிட்டனர், தானும் இறந்துவிட்டதாகவும் பிணப்பெட்டிக்காகக் காத்திருப்பதாகவும் இதழசையாமல் சொல்லிச் சாளரத்தை மூடிவிடுகிறாள். முதற்கதையில் அவள் உதவிக்கு வருபவள் அல்லள். சாவின் முன்னறிவிப்பு.

1882இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது ஆசிரியர் செய்யவேண்டியிருந்த முதற்பணி, தூக்கில் தொங்கும் பாவையை இறக்குவது. அதற்கு அவர் இறந்த சிறுமியையே பயன்படுத்திக்கொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடத்தில் வாழும் தேவதை என்று 16ஆம் இயலில் அவள் அறிமுகமாகிறாள். கதையின் தேவையே அவளை இவ்வாறு மாற்றியது. ஆனால் முந்தைய இயலின் குளிர் அவளை விட்டு நீங்கவில்லை. கசப்பு மருந்தைக் குடிக்க மறுக்கும் பினோக்கியோவின் முன் நான்கு கருமுயல்கள் பாடையுடன் வந்து நிற்கின்றன. அச்சத்தில் அவன் மருந்தைக் குடித்துவிடுகிறான். பின்னர் அவன் அவளைத் தேடி வரும்போது வீடு இருந்த இடத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. தம்பி பினோக்கியோ கைவிட்டதால் துயருற்று இறந்தாள் என்று கல் சொல்கிறது. சிறிது காலத்தில் அவள் வேறொரு தீவில் வளர்ந்த பெண்ணாக, தாயாகும் வயதினளாக எதிர்ப்படுகிறாள். கடலில் நீலநிற ஆட்டின் உருவிலும் தோன்றுகிறாள்.

தமக்கை, தாய், காவல் தெய்வம் என்று இவளை அன்பின் வடிவமாகப் போற்றுவது எளிது. தன் இறப்பையே பாடமாக்கிக் குழந்தையைத் திருத்தும் ஒருத்தியை அவ்வாறு மட்டும் கொள்வதற்கு நூல் இடந்தரவில்லை. கல்லறைமுன் விடியும்வரை அழும் பினோக்கியோவின் துயரம் முற்றிலும் உண்மை, அவ்விறப்போ உண்மையன்று. வாசிக்கும் குழந்தை இவ்விடத்தில் யார்பக்கம் நிற்கும் என்பதில் ஐயமில்லை. அன்பும் மிரட்டலும் பிரிக்கமுடியாதபடி பின்னிய பாத்திரமாக இவளைப் படைத்ததில் கொல்லோடி, அக்காலக் குழந்தை வளர்ப்பைப் பற்றி எந்தப் பாடநூலும் சொல்லாததைச் சொல்லிவிட்டார் என்றே கருதவேண்டியுள்ளது.

கழுதையின் பணி

பள்ளியே இல்லாத விளையாட்டு நாட்டுக்கு நண்பன் லுச்சீன்யோலோவுடன் சென்று ஐந்து மாதங்கள் களித்து, இருவரும் கழுதைகளாக மாறுவது புதினத்தின் புகழ்பெற்ற பகுதி. படிக்காதவன் கழுதையாவான் என்னும் வசைமொழியைச் சொல்லுக்குச் சொல் நிகழ்த்திக் காட்டுவதால் இது பாடநூல் அறத்துக்கு மிக நெருக்கமானது. கதையின் இறுதி இயலோடு இணைத்துப் பார்க்கும்போது அதன் பொருள் வேறாகிறது.

சுறாவின் வயிற்றிலிருந்து தந்தையை மீட்டுவரும் பினோக்கியோ, நோயுற்ற அவருக்கு ஒரு கோப்பைப் பால் வேண்டித் தோட்டக்காரர் ஒருவரிடம் செல்கிறான். நூறு வாளி நீர் இறைத்தால் ஒரு கோப்பைப் பால் என்பது பேச்சு. அதுவரை அந்த நீர்ச்சக்கரத்தைச் சுற்றிவந்த கழுதை இறக்கும் நிலையில் கிடக்கிறது. பினோக்கியோ தொழுவத்துக்குச் சென்று பார்க்கிறான். கழுதை லுச்சீன்யோலோ. நண்பன் இறக்க, அவன் விட்ட இடத்தில் நின்று பினோக்கியோ ஐந்து மாதங்கள் விடியலுக்கு முன்பே எழுந்து சக்கரம் சுற்றுகிறான். விளையாட்டு நாட்டில் கழித்ததும் ஐந்து மாதங்களே. கழுதையுருவிலிருந்து தப்பியவன் கழுதையின் பணியைச் செய்துதான் மனிதனாகிறான். இதை உழைப்பின் பெருமை என்று மட்டும் வாசித்தால், தொழுவத்தில் கிடக்கும் சிறுவனின் உடலைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

ஆயினும் இவ்விறுதிப் பகுதி முழுவதும் கசப்பன்று. 8ஆம் இயலில் பனிபெய்யும் நாளொன்றில் ஜெப்பெத்தோ தம் ஒரே மேற்சட்டையை விற்று மகனுக்கு எழுத்துப் புத்தகம் வாங்கி வருகிறார். சட்டை எங்கே என்று கேட்டதற்கு, வெப்பமாக இருந்ததால் விற்றுவிட்டேன் என்கிறார். நூலில் தண்டனை பெறாத அழகிய பொய் இது. அப்புத்தகத்தைப் பினோக்கியோ பாவைக்கூத்துப் பார்க்க நான்கு காசுக்கு விற்றுவிடுகிறான். 36ஆம் இயலில், சேமித்த நாற்பது காசுகளோடு தனக்குச் சட்டையும் தொப்பியும் காலணியும் வாங்கச் செல்பவன், தேவதை மருத்துவமனையில் கிடப்பதாக நத்தை சொல்லக் கேட்டு அக்காசுகள் முழுவதையும் கொடுத்தனுப்பிவிடுகிறான். தந்தை இழந்த சட்டைக்கு மகன் வாங்காத சட்டை விடையாகிறது. அவனை மனிதனாக்குவது கீழ்ப்படிதல் என்று சொல்லக்கூடும். கதைப்பின்னல் காட்டுவதோ, இல்லாத வீட்டில் ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுத்தருவதை அவன் கற்றுக்கொண்டான் என்பதையே. பேரிக்காயின் தோலை மறுத்தவன் வந்துசேர்ந்த தொலைவு இது.

மறுநாள் விழித்தெழும் பினோக்கியோ சிறுவனாகியிருக்கிறான். நாற்பது காசுகள் நாற்பது பொற்காசுகளாகத் திரும்பி வந்திருக்கின்றன, குடிசை அழகிய அறையாகியிருக்கிறது, தந்தை நோய் நீங்கி மரம் செதுக்கிக்கொண்டிருக்கிறார். தேவதைக் கதைக்கு வேண்டிய அனைத்தும் ஒரே பக்கத்தில் குவிகின்றன. இவ்வவசரம் புதினத்தின் குறையே. ஆனால் கொல்லோடி இறுதியாக ஒரு காட்சியை விட்டுச்செல்கிறார். பழைய மரப்பாவை எங்கே என்று சிறுவன் கேட்க, ஜெப்பெத்தோ சுட்டிக்காட்டுகிறார். பாவை உருமாறி மறைந்துபோகவில்லை. நாற்காலியில் சாய்த்துவைக்கப்பட்டு, தலை ஒருபுறம் திரும்பி, கைகள் தொங்கி, கால்கள் மடங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்த சிறுவன், பாவையாக இருந்தபோது தான் எவ்வளவு வேடிக்கையாக இருந்ததாக நினைத்துக்கொள்கிறான். முதல் 15 இயல்களைப் படித்தவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. சாய்ந்த தலையும் தொங்கும் கைகளுமாக அவ்வுடலை அவர்கள் ஓக் மரத்தடியில் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறார்கள்.